தாய்லாந்து ருசியில் மினி சாண்ட்விச்: பன் ஊறாமல் இருக்க வழி என்ன?

#1 · கொழிஞ்சாம்பாறைக்காரி

வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை சாயந்திரம் மொட்டை மாடியில 16 பேர் கூடுறாங்க. இலை போட்டு உட்கார்ற விருந்தில்லீங்க, நின்னு பேசிக்கிட்டே ரெண்டு வாயில முடியுற மாதிரி வேணும். தாய்லாந்து ருசியில சின்ன சாண்ட்விச், ஆளுக்கு மூணுன்னு மொத்தம் 48. சரிபாதி சைவம்.

சிக்கல் என்னன்னா, எலுமிச்சையும் மீன் சாஸும் சேர்ந்த பூரணத்தை வச்சா அரை மணி நேரத்துல பன்னோட அடிப்பாதி கூழாயிருது. மேல்மூடி மட்டும் கையில வருது. தண்ணியைக் குறைச்சா ருசி செத்துப்போகுது. சாமான் எல்லாம் பாலக்காட்டுலயோ பொள்ளாச்சியிலயோ கிடைக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை.

#2 · காந்தாரி_மொளகு

வழி இருக்குங்க அக்கா.

ரொட்டியில தாய் ருசின்னா "அது அவங்க சாப்பாடே இல்ல"ன்னு யாராவது வருவாங்க, அதை முதல்லயே முடிச்சிடறேன். அரைச்ச இறைச்சியை ரொட்டித் துண்டு மேல தடவிப் பொரிக்கிற ‘கனோம் பாங் நா மூ’ தாய்லாந்துல எல்லாருக்கும் தெரிஞ்ச பண்டம். இறால் வச்சா ‘நா குங்’. சாத்தே (குச்சியில குத்திச் சுட்ட இறைச்சி) கேட்டா நிலக்கடலைக் குழம்போட சுட்ட ரொட்டியும் வெள்ளரிக்காய் ஊறலும் சேர்ந்து வரும். வறுத்த மிளகாய் விழுது, ‘நாம் ப்ரிக் பாவ்’, அதை ரொட்டியில தடவித் திங்கிறதும் அங்க சகஜம்.

கடைசியா சொன்ன விழுதுதான் உங்க நோய்க்கு மருந்து. அது முழுக்க எண்ணெயில வதங்கினது. பன்னோட உள்பக்கம் மெல்லிசா தடவினா எண்ணெய்ப் படலம் மேல இருந்து வர்ற சாறைத் தடுக்கும். தடுப்பே ருசியாவும் ஆயிருது. வெண்ணெய் மட்டும் தடவினா தடுப்பு உண்டு, ருசி கிடையாது.

48 பன்னுக்கு: விதை எடுத்த காஷ்மீரி மிளகாய் 25 கிராம், சின்ன வெங்காயம் 150, பூண்டு 75, உணக்க (காஞ்ச) இறால் 25, எண்ணெய் 120 மில்லி, கெட்டிப் புளிக்கரைசல் 3 மேசைக்கரண்டி, பனை வெல்லம் 60 கிராம், மீன் சாஸ் 2 மேசைக்கரண்டி. வெங்காயம் தனியா, பூண்டு தனியா பொரிக்கணும். ஒண்ணாப் போட்டா வெங்காயம் சிவக்கிறதுக்குள்ள பூண்டு கருகும், அந்தக் கசப்பை எந்த வெல்லமும் மறைக்காது. மிளகாய் எண்ணெயில 10 நொடிதான், நிறம் ஆழமானதும் எடுத்துருங்க. எல்லாத்தையும் அரைச்சு அதே எண்ணெயில திரும்பப் போட்டு, சிறுதீயில புளி, வெல்லம், சாஸ் சேர்த்து 6, 7 நிமிஷம் கிளறுங்க. ஓரத்துல எண்ணெய் பிரியும்போது இறக்கணும். சூட்டுல கொஞ்சம் இளக்கமாத்தான் தெரியும், ஆறினா ஜாம் பதத்துக்கு வரும். கெட்டியாகட்டும்னு இன்னும் காய்ச்சினா மறுநாள் மிட்டாய் மாதிரி இழுக்கும்.

சைவத்துக்கு இறாலும் மீன் சாஸும் விட்டுட்டு, 2 மேசைக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி உப்பு. சைவ ஈடு முதல்ல, அதே சட்டியில அடுத்தது அசைவம்.

#3 · சித்தூர்_புழை

விழுது சரி. உள்ள என்ன வைக்கப் போறீங்க? பெரும்பாலும் எல்லாரும் சொல்றது கோழி லாப். லாப்ங்கிறது தாய்லாந்தோட வடகிழக்கு, இசான் பக்கத்துக் கொத்துக்கறிப் பண்டம், ஒட்டரிசியைக் கையில உருட்டித் தொட்டுத் திங்கிறது. உதிரி உதிரியா இருக்கும். அதைப் பன்னுக்குள்ள வச்சா முதல் கடிக்கே பாதி சட்டை மேல. இதுக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் ஒத்துக்கறேன்.

#4 · காந்தாரி_மொளகு

நியாயமான கேள்வி அண்ணா. மூணு வேலை பண்ணணும்.

ஒண்ணு, கோழிக்கொத்து 600 கிராமை (24 பன்னுக்கு) 60 மில்லி தண்ணியில வேகவச்சு, வடிச்சு, அந்தச் சாறை மட்டும் தனியாச் சுண்டவச்சு 3 மேசைக்கரண்டியா ஆக்கித் திரும்பக் கலக்கணும். கொட்டிட்டா ருசி போச்சு, அப்படியே விட்டா பன் போச்சு.

ரெண்டு, வறுத்த அரிசிப்பொடி, ‘காவ் குவா’. அங்க ஒட்டரிசி. நமக்குப் பச்சரிசி போதும், புழுங்கல் வேண்டாம். 4 மேசைக்கரண்டி அரிசியை மிதமான தீயில 10, 12 நிமிஷம், தேன் நிறத்தையும் தாண்டி நல்ல காப்பிக்கொட்டை வாசம் வர்ற வரைக்கும் வறுங்க. வெளுப்பா எடுத்தா பல்லுல பச்சையா நெறநெறக்கும். உரல்ல ரவை பதத்துக்கு இடிக்கணும், மாவாக்கிட்டா பூரணம் களியாயிரும். பாதியைச் சூடா இருக்கும்போதே கலந்தா அது மிச்ச ஈரத்தைக் குடிச்சு உதிரியைச் சேர்த்துப் பிடிக்கும். மீதியைப் பரிமாறுற நேரத்துல தூவுங்க, அது மொறுமொறுப்புக்கு.

மூணு, பன்னை நடுவுல சரியா வெட்டாம மேல மூணுல ஒரு பங்கா வெட்டி, அடிப்பாதியை விரல் நுனியில லேசா அழுத்திக் குழி பண்ணுங்க. ஒரு பன்னுக்கு 25 கிராம் பூரணம் குழிக்குள்ள உட்கார்ந்துக்கும். சட்டை தப்பிச்சிரும்.

புளிப்பு, உப்பு: எலுமிச்சைச் சாறு 60 மில்லி, மீன் சாஸ் 45 மில்லி, வறுத்த மிளகாய்ப்பொடி 2 தேக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி. தனியா நக்கிப் பார்த்தா "அடேங்கப்பா, தூக்கலா இருக்கே"ன்னு தோணணும். பன்னுல இனிப்பும் மாவும் சேர்ந்து எல்லாத்தையும் மட்டுப்படுத்தும். கரண்டியில சரியா இருக்கிற லாப் பன்னுக்குள்ள சப்புன்னுதான் இருக்கும். எலுமிச்சை அடுப்பை அணைச்ச பிறகுதான். புதினாவும் நறுக்கின சின்ன வெங்காயமும் (80 கிராம்) அடுக்குறப்போ. முன்னாடியே போட்டா புளிப்பு பட்டுப் புதினா கறுத்துரும்.

#5 · ரொட்டிக்கடை_வேலந்தாவளம்

பன் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். பேக்கரியில் வாங்கும் இனிப்பு பன் இதற்கு ஆகாது. சர்க்கரை அதிகம், பஞ்சு மாதிரி பெரிய துளை, சாறு பட்ட உடனே சரிந்துவிடும். பாவ் பரவாயில்லை. ஆனால் ஒட்டிச் சுட்டுப் பிரிக்கிறதால் பக்கத்தில் தோல் இருக்காது, அங்கே ஈரம் ஏறும்.

வீட்டு ஓவனில் 26 பன் வரும் அளவு: மைதா 500 கிராம், பால் 280 மில்லி, முட்டை 1, சர்க்கரை 40, வெண்ணெய் 50, உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். முட்டை வேண்டாதவர்கள் 45 மில்லி பால் கூட்டிக்கொள்ளலாம். வெண்ணெய் தவிர மற்றதைப் பிசைந்து, மாவு இழுபட ஆரம்பித்த பிறகு வெண்ணெய் சேர்த்து இன்னும் 8 நிமிடம். சிறு துண்டை விரலால் விரித்தால் கிழியாமல் கண்ணாடி போல் வெளிச்சம் தெரிய வேண்டும். ஒன்றரை மணி நேரம் என்று புத்தகத்தில் பார்த்துவிட்டு நம் ஊர் வெயிலில் அப்படியே விட்டால் மாவு புளித்துச் சரியும். 32, 33 டிகிரியில் 45 நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள்.

ஒன்று 35 கிராம் வீதம் உருட்டுங்கள். உள்ளங்கையைக் கூடு மாதிரி வைத்து மேடையோடு இழுத்து உருட்டினால் மேல்தோல் இறுகும். மேடையில் மாவு தூவாதீர்கள், வழுக்கும், தோல் இறுகாது. அடுத்து ஒரு 30 நிமிடம். விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாகத் திரும்ப வேண்டும். 190 டிகிரியில் 13 முதல் 15 நிமிடம்.

முக்கியமானது: அன்று சுட்ட பன்னை அன்றே வெட்டாதீர்கள். முந்தைய நாள் சுட்டு, ஆறவிட்டு, மூடிவைத்து, மறுநாள் வெட்டினால் வெட்டு முகம் சுத்தமாக இருக்கும், பொடி உதிராது. வெட்டு முகத்தைத் தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் தடவி, அமுக்காமல், பொன்னிறமாக வாட்டுங்கள். அந்தச் சுட்ட தோல் முதல் தடுப்பு. மேலே சொன்ன மிளகாய் விழுது இரண்டாவது. இரண்டும் இருந்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். பன் சூடாக இருக்கும்போதே விழுதைத் தடவினால் எண்ணெய் உருகி உள்ளே இறங்கிவிடும், தடுப்பு போய்விடும். ஆறிய பிறகுதான்.

#6 · கொழிஞ்சாம்பாறைக்காரி

அண்ணா, இது வரைக்கும் எதைத் தடவினாலும் பன் சூட்டோட சூடாத்தான் தடவிட்டு இருந்தேன். அங்கதான் பிடிபட்டிருக்கு.

சைவம் 24க்கு என்ன வைக்கலாம்? பன்னீர் வேண்டாங்க, எல்லா இடத்துலயும் அதுவே. அப்புறம் அந்த இரட்டை இலை, காஃபிர் லைம், அது நம்ம சந்தையில கண்ணுலயே படல.

#7 · அக்ரஹாரத்து_அடுக்களை

இடிச்சக்கை இருக்கே, எதுக்குக் கவலை? தாய்லாந்தோட வடக்குப் பகுதியிலயும் பிஞ்சுப் பலாவை வேகவச்சு இடிச்சு, மிளகாய் விழுதோட வதக்கிச் சாப்பிடறா, ‘தாம் கனுன்’னு பேர். நம்ம இடிச்சக்கைப் பொடித்துவலுக்கு ஒண்ணுவிட்ட தங்கைன்னு வச்சுக்கோங்கோ.

சுளையும் கொட்டையும் திரளாத பிஞ்சு வேணும். தோல் சீவினது 700 கிராம், உப்பு, மஞ்சள் போட்டுக் குக்கர்ல 2 விசில். மூணாவது விசில் விட்டா மசிஞ்சு போகும், நார் நாரா வராது. வடிச்சு ஆறினதும் துணியில கட்டிப் பிழியணும். நன்னா பிழியணும், கஷ்டப்பட்டு. பலா வெளிக்குக் காஞ்ச மாதிரி இருந்துண்டு உள்ள தண்ணியை ஒளிச்சு வச்சிருக்கும். அம்மியிலயோ உரல்லயோ ரெண்டு தட்டுத் தட்டி உதிர்த்து, 2 மேசைக்கரண்டி எண்ணெயில ஓரம் சிவக்க வறுத்துட்டு, அப்புறம் லாபுக்குச் சொன்ன அதே எலுமிச்சை, மிளகாய்ப்பொடி, அரிசிப்பொடி. மீன் சாஸுக்குப் பதில் சோயா 2 மேசைக்கரண்டி, உப்பு பார்த்து. வறுக்காம கலந்தா புளிப்புச் சாதம் மாதிரிதான் இருக்கும், அதுல மாத்திரம் சோம்பல் படாதீங்கோ.

பிஞ்சுச் சக்கை கிடைக்காத மாசத்துல சிப்பிக்காளான். தண்ணி விட்டு, வத்தி, ஓரம் முறுகற வரைக்கும் பெரிய சட்டியில. கூட்டமா போட்டா வறுபடாது, வெந்துதான் போகும்.

இலைக்கு நாரத்தை இலை. வேப்பிலைக்கட்டிக்கு இளம் இலையா பறிச்சு நடு நரம்பைக் கிழிச்சு எடுக்கறோமோன்னோ, தாய்லாந்துலயும் அதே கைவேலைதான். நரம்பை எடுத்துட்டு, நாலஞ்சு இலையை ஒண்ணா சுருட்டி, நூல் மாதிரி குறுக்கே அரியணும். வாசனை அச்சு அசலா அது இல்லை, ஆனா அந்தக் குடும்பம். கசப்பு கூட, அதனால அவா 4 இலை போடற இடத்துல 2 போதும்.

#8 · காந்தாரி_மொளகு

மாமி சொன்ன நாரத்தை இலை அருமையான யோசனை. ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன்: முத்தின இலை எப்படி அரிஞ்சாலும் வாயில காகிதம் மாதிரி நிக்கும். வெளிர்பச்சைத் தளிர் மட்டும்.

மத்த வாசனைகளையும் சொல்லிடறேன். கலாங்கல்னு எழுதியிருந்தா அது பேரரத்தை. நாட்டுமருந்துக் கடையில காஞ்சது கிடைக்கும், அது கஷாயத்துக்குத்தான். பச்சைக் கிழங்கு கிடைக்கலைன்னா இஞ்சியைப் பாதியளவு போடுங்க, பேரரத்தைன்னு யாரையும் ஏமாத்த வேண்டாம். எலுமிச்சைப்புல்லுல ஒரு விஷயம் கவனிக்கணும். கேரள மலையில தைலத்துக்கு வளர்க்கிற இஞ்சிப்புல்லும் தாய் சமையல்ல போடுற புல்லும் வேற வேற இனம். இஞ்சிப்புல்லுக்கு அடித்தண்டு பருக்காது, ஒரே நாரு. அரைச்சா பல்லுல சிக்கும். முடிச்சுப் போட்டுத் தேங்காய்ப்பால்ல கொதிக்கவிட்டு எடுத்துடலாம். அடியில வெங்காயத்தாள் மாதிரி பருத்து, வெட்டினா ஊதா வளையம் தெரிஞ்சா அது அரைக்கிற புல்லு. அடியில இருந்து 10 சென்டிமீட்டர் மட்டும்.

கொத்தமல்லி வேரை வெட்டிக் குப்பையில போடாதீங்க. வேர், பூண்டு, வெள்ளை மிளகு, இந்த மூணையும் இடிச்ச விழுதுதான் அங்க பாதிச் சமையலுக்கு அடித்தளம். பொள்ளாச்சி சந்தையில மல்லிக்கட்டு வேரோடவே வருது, வேறெங்க தேடணும்?

#9 · சித்தூர்_புழை

தாய் பேசில்னா துளசிதானே? வீட்டு வாசல்ல இருக்கு. அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

#10 · காந்தாரி_மொளகு

பாதி சரிங்க அண்ணா. அங்க ரெண்டு விதம். ‘கப்ராவ்’, அது நம்ம துளசியேதான், காரமா கிராம்பு வாசம். அதைச் சூடான எண்ணெயில கடைசி அரை நிமிஷம் போட்டுப் புரட்டினாத்தான் வாசம் எழும்பும், பச்சையா தின்னா மருந்து. இன்னொண்ணு ‘ஹொராபா’, சோம்பு வாசம், பச்சையா கிள்ளிப் போடுறது. சாண்ட்விச்சுக்கு வேணுங்கிறது இது. நம்ம திருநீற்றுப்பச்சிலையும் அதே இனம்தான், சப்ஜா விதை வர்ற செடி. செடிக்குச் செடி வாசம் மாறும், கசக்கிப் பாருங்க. சோம்பு வாசம் வந்தா பறிச்சுக்கோங்க. கற்பூர நெடி வந்தா விட்டுட்டுப் புதினா போடுங்க.

#11 · அக்ரஹாரத்து_அடுக்களை

துளசி மாடத்துலேர்ந்து பறிச்சு பூண்டோட வதக்கினா பன் ஊறறதை விடப் பெரிய பிரச்சினை ஆத்துல வரும். திருநீற்றுப்பச்சிலையே இருக்கட்டும்.

#12 · கோபாலபுரம்_தென்னை

கடலை சாஸ் யாரும் சொல்லலீங்களே. சைவத்துக்கு அதுவும் ஒண்ணு வையுங்க, குழந்தைங்க அதைத்தான் கேக்கும்.

முத்தின தேங்காய் ஒண்ணு, தண்ணி கொஞ்சமா விட்டு 200 மில்லி முதல் பால். அதுல பாதியை அகலச் சட்டியில ஊத்திக் கிளறிட்டே சுண்டவிடுங்க. 6, 7 நிமிஷத்துல சத்தம் மாறும், கொதிக்கிற சத்தம் போயி பொரியுற சத்தம் வரும். எண்ணெய் பிரிஞ்சாச்சுன்னு அர்த்தம். அப்ப தாய் சிவப்புக் கறி விழுது (ரெட் கறி பேஸ்ட்) ஒன்றரை மேசைக்கரண்டி போட்டு வதக்கி, மீதிப் பால், வறுத்துக் கொரகொரன்னு பொடிச்ச நிலக்கடலை 150 கிராம், கெட்டிப் புளி ஒன்றரை மேசைக்கரண்டி, கருப்பட்டி 2 மேசைக்கரண்டி, உப்பு. அட்டைப்பெட்டிப் பால்ல எண்ணெய் பிரியுறதுக்குக் காத்திட்டு இருந்தா விடிஞ்சிரும். பிரியாம இருக்கிறதுக்குன்னே அதுல பொருள் சேர்த்திருப்பாங்க. அதுதான் இருக்குதுன்னா ஒரு கரண்டி தேங்கெண்ணெய் ஊத்தி விழுதை வதக்கிட்டுப் பாலைச் சேருங்க.

ஆறினா இது சிமெண்ட் மாதிரி இறுகும். அதனால இறக்குறப்போ இட்லி மாவை விட இளக்கமா இருக்கணும். கருப்பட்டி போட்டா நிறம் கறுக்கும், புகை வாசமும் வரும். தாய்லாந்துப் பனைவெல்லம் வெளிர் நிறம். நிறம் முக்கியம்னா கருப்பட்டி பாதி, சர்க்கரை பாதி.

கடை விழுது வாங்குறவங்க டப்பாவைத் திருப்பிப் படிங்க. நிறைய வகையில இறால் இருக்கும். சைவக்காரங்களுக்குப் போட்டுட்டு அப்புறம் மன்னிப்புக் கேக்குற வேலை வேண்டாம்.

#13 · களியக்காவிளை_மீன்

எல்லாரும் கோழியிலேயே நிக்கிறிய. மீன் வடை, ‘தோட் மன் பிளா’, பன்னுக்கு அதைவிடப் பொருத்தம் ஒண்ணும் கிடையாது. உதிரவும் செய்யாது, சாறும் விடாது.

முள்ளு எடுத்த நெய்மீன் சதை 500 கிராம், சிவப்புக் கறி விழுது 50, முட்டை 1, மீன் சாஸ் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 தேக்கரண்டி, நீளப்பயறு 60 கிராம் ரெண்டு மில்லிமீட்டர் வட்டமா அரிஞ்சது, நூலா அரிஞ்ச நாரத்தைத் தளிர். பயறும் இலையும் தவிர மத்ததை அரைச்சு, கையில வாரி எடுத்துப் பாத்திரத்துல ஓங்கி அடிக்கணும். 40, 50 அடி. முதல்ல கையில ஒட்டும், பிறவு உருண்டு திரண்டு பளபளன்னு ஒட்டாம வரும். உப்புல மீனோட புரதம் கரைஞ்சு பசையாகுது, அதுதான் ரப்பர் மாதிரி அந்தத் துள்ளலைக் குடுக்கும். இதை விட்டா கட்லெட்தான் கிட்டும். ஐஸ்ல உறைஞ்சு இளகின மீனுக்கு எவ்வளவு அடிச்சாலும் துள்ளல் வராது கேட்டியளா, பசுமீன் வேணும். அரைக்கும்போது மிக்சி சூடானாலும் கெடும், சதையை நல்லாக் குளிரவச்சு எடுங்க.

பன்னை விட ஒரு விரல்கடை அகலமாத் தட்டுங்க, சுருங்கும். ஒண்ணு 28 கிராம் வச்சா 24 வரும். மிதமான சூட்டு எண்ணெயில பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். எண்ணெய் புகைஞ்சா வெளிய கறுத்து உள்ள பச்சையா நிக்கும்.

கூட வெள்ளரி ஊறல், ‘ஆஜாட்’. வினிகர் 120 மில்லி, சர்க்கரை 100 கிராம், உப்பு 1 தேக்கரண்டி கொதிக்கவச்சு ஆறவிடணும். கள்ளுல எடுத்த சொருக்கா (வினிகர்) கிடைச்சா அது மேல், மணமும் மென்மையும் உண்டு. வெள்ளரி, சின்ன வெங்காயம், காந்தாரி மிளகாய் அரிஞ்சு பரிமாறதுக்கு 20 நிமிஷம் முன்ன கலந்தாப் போதும். பன்னுல வைக்கும்போது கையால ஒட்டப் பிழிஞ்சு வையுங்க. பிழியாம வச்சா இவ்வளவு நேரம் பேசின தடுப்பு எல்லாம் வீண்.

#14 · சித்தூர்_புழை

மீன் வடைக்கு என் ஓட்டு. லாபையும் எதிர்க்கல, குழி பண்ற யோசனை நல்லா இருக்கு.

மயோனைஸ் யாரும் எடுக்கல, சந்தோஷம். வீட்டுல பச்சை முட்டையில அடிச்சு மொட்டை மாடியில ரெண்டு மணி நேரம் வச்சிராதீங்க. பச்சை முட்டை மயோனைஸுக்குக் கேரளத்துல 2023 ஜனவரியிலேயே தடை போட்டாச்சு, தமிழ்நாட்டுல 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது. சும்மா போடலை. வேணும்னா முட்டையில்லாத டப்பா வாங்கி, 100 கிராமுக்கு 2 தேக்கரண்டி மிளகாய் விழுது, அரை எலுமிச்சை. இங்க அதுவும் தேவையில்லைன்னுதான் நினைக்கிறேன், கடலை சாஸே கொழுப்புக்குப் போதும்.

#15 · கொழிஞ்சாம்பாறைக்காரி

அப்போ முடிவு: கோழி லாப் 12, மீன் வடை 12, இடிச்சக்கை 12, கடலை சாஸ் வச்சது 12. சரிங்களா? கடலை சாஸ் பன்னுக்குள்ள என்ன வைக்கிறது? எதை எப்ப பண்றதுன்னும் சொல்லிட்டீங்கன்னா எழுதி ஒட்டி வச்சிருவேன்.

#16 · காந்தாரி_மொளகு

கணக்கு சரி. லாபும் மீனும் இடிச்சக்கையும் மேலே சொன்னதுல பாதியளவு. கடலை சாஸ் பன்னுக்கு டோஃபு 300 கிராம், 12 துண்டு, கனமான எதையாவது அரை மணி நேரம் மேல வச்சுத் தண்ணியெடுத்து, சோளமாவு தூவிக் கல்லுல ரெண்டு பக்கமும் பொன்னிறமா. மேல பப்பாளிக்காய்த் துருவல். 200 கிராம் துருவலுக்கு 3 கிராம் உப்பு, கால் மணி நேரம், பிழி. சோம் தாம் (தாய் பப்பாளிக்காய் சாலட்) பண்றவங்க உப்புப் போட்டுப் பிழிய மாட்டாங்க, சாறு அங்க வேணும். நமக்கு வேண்டாம். பிழிஞ்ச பிறகு எலுமிச்சை, காந்தாரி, துளி வெல்லம்.

வெள்ளிக்கிழமை மிளகாய் விழுது. பிரிட்ஜ்ல வச்சா வாரக்கணக்குல கெடாது, ருசியும் ரெண்டாம் நாள்தான் சேரும். அரிசிப்பொடி மட்டும் ஞாயிறு காலையில வறுங்க, நாள் ஆனா வாசம் போயிரும். சனிக்கிழமை பன், கடலை சாஸ், மீன் மாவு அடிச்சு பிரிட்ஜ்ல. ஞாயிறு மதியம் இடிச்சக்கை, டோஃபு, லாப் சமைச்சு, ஆறினதும் மூடி பிரிட்ஜ்ல. கோழியைப் பரிமாறும் முன்ன மறுபடி நல்லாச் சூடுகாட்டி, கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் எலுமிச்சை. மீன் வடை கடைசி ஒரு மணி நேரத்துல.

அடுக்குற வரிசை: வாட்டின அடிப்பாதி, விழுது, ஒரு லெட்யூஸ் துண்டு, பூரணம், பிழிஞ்ச ஊறல், இலைதழை, மேல்மூடியிலயும் விழுது. லெட்யூஸ் ஈரம் போகத் துடைச்சிருக்கணும். 48ஐயும் ஒரேயடியா அடுக்காதீங்க. 16, 16ஆ மூணு தவணை. கூட்டம் பேசிக்கிட்டு இருக்கும், அரை மணிக்கு ஒரு தட்டு போனா எல்லாம் புதுசாவே இருக்கும். வெயில் இறங்காத நேரம்னா கோழியும் மீனும் வெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம்.

#17 · ரொட்டிக்கடை_வேலந்தாவளம்

மார்கழி, தை மாதத்தில் இதைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் பிரச்சினை தலைகீழ். பன் ஊறாது, காயும். மூடாமல் வைத்தால் அரை மணி நேரத்தில் ஓரம் வறட்டி மாதிரி ஆகிவிடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, பன்னைத் தொடாமல், பாத்திரத்தின் மேல் கட்டி வையுங்கள். மழைக்காலத்தில் இதைச் செய்யாதீர்கள், காய்ந்த துணி போதும்.

#18 · கொழிஞ்சாம்பாறைக்காரி

இப்ப காத்து ஆரம்பிச்சிருச்சுங்க, நல்லவேளை சொன்னீங்க. கடைசியா ஒண்ணு: எது சைவம் எது அசைவம்னு தட்டுல எப்படித் தெரியும்? பல்குத்துற குச்சி வச்சா குழந்தைங்க இருக்கிற இடம்.

#19 · அக்ரஹாரத்து_அடுக்களை

குச்சி வேண்டாம். வாழையிலையைத் தணல்ல காட்டி வாட்டி, நாலு விரல்கடை அகலத்துக்குப் பட்டையா கிழிச்சு, சைவ பன்னை மாத்திரம் இடுப்புல சுத்தி, வாழைநாரால ஒரு முடிச்சு. அசைவத்தை வெறுமனே விடுங்கோ. தட்டும் வேற வேறயா வையுங்கோ, இருட்டினப்பறம் பச்சை நிறம் கண்ணுக்குத் தெரியாது. இலையை வாட்டாம சுத்தினா மடிப்புல கிழியும்.

#20 · களியக்காவிளை_மீன்

மீன் வடை பன்னுக்கு மேல ஒரு காந்தாரியை முழுசா வச்சு விடுங்க. அதைக் கண்டா தெரிஞ்சவன் ஒதுக்கி வச்சிட்டுத் தின்னுவான்.